அக்கா அனுப்பிய புழு

கம்பாலாவில் இருக்கும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பலகையில் இரண்டாக வெட்டிய பச்சைக் காய். உள்ளே விதைகளுக்கு நடுவே கருத்துப்போன ஒரு குடைவு, குடைவின் ஓரமெல்லாம் எச்சம், முனையில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஓர் இளஞ்சிவப்புப் புழு. “பாத்தியாடா, நம்ம கத்தரிக்காப் புழு இங்கயும் வந்துடுச்சு” என்று கீழே எழுதியிருந்தாள். அந்தக் காய்க்கு உகாண்டாவில் என்டுலா என்று பெயர். கத்தரிக்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனால் நம் கத்தரி இல்லை. ஆப்பிரிக்காவிலேயே காட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்த தனி இனம். கொஞ்சம் கசக்கும், வேர்க்கடலை அரைத்துவிட்ட குழம்பில் போட்டால் அந்தக் கசப்பே ருசியாகிவிடும் என்று அக்கா முன்பே சொல்லியிருக்கிறாள்.

நான் யோசிக்கவே இல்லை. “ஆமாக்கா, அதே புழுதான். இங்கிருந்து கத்தரிக்காயோட கப்பல் ஏறிப் போயிருக்கும்” என்று பதில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். கல்லூரியில் வேளாண்மை படித்தபோது மனப்பாடம் செய்த வரி அது. கத்தரித் தண்டு மற்றும் காய்ப்புழு, லூசினோடிஸ் ஆர்போனாலிஸ், பரவல்: தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ‘அதே’ என்ற சொல் மட்டும் தொண்டையில் நின்றது. எதை வைத்து அதே என்றேன்? ஒரு கைபேசிப் படம், ஒரு குடைவு, ஒரு நிறம். அப்பா ஆட்டுக்குட்டிகளைக்கூட இவ்வளவு அவசரமாக அடையாளம் சொல்ல மாட்டார்.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டுப் பக்கம். இலவம்பாடி முள்ளுக்கத்தரி விளைகிற மண். 2023இல் அந்தக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஊரில் எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அப்பா நாற்பது சென்ட்டில் கத்தரி போடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்காவுக்கும் எனக்கும் ஒரே வேலை: வாடித் தொங்குகிற குருத்துகளைக் கிள்ளிக் கூடையில் போட்டு, வரப்புக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்துவது. காலையில் நிமிர்ந்து நின்ற குருத்து சாயங்காலம் தலை கவிழ்ந்திருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். பிளந்து பார்த்தால் தண்டு குழலாகியிருக்கும். காய் பிடித்த பிறகு புழு காய்க்குப் போய்விடும். காம்புக்கடியில், புல்லிவட்டத்தின் ஓரமாக நுழைந்து, நுழைந்த துளையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும் காய் வெட்டினால்தான் சொத்தை. மருந்து அடித்தாலும் அதற்குப் படாது. அது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கத்தரிக்கு விழுகிற அளவு மருந்து வேறு காய்களுக்கு விழுவது அபூர்வம்.

தாய்ப்பூச்சியைப் பார்த்தவர்கள் குறைவு. நானே கல்லூரிக்குப் போன பிறகுதான் சரியாகப் பார்த்தேன். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்திருந்தது. சிறகை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். வெள்ளைச் சிறகு, அதில் பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த திட்டுகள், சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். உட்காரும்போது வயிற்றுப் பகுதியை மேல்நோக்கி வளைத்துத் தூக்கிக்கொள்ளும். சிறுவயது முழுவதும் அதன் பிள்ளைகளைக் கொளுத்திய எனக்கு, இவ்வளவு அழகான தாயா என்று இருந்தது.

### பெயர் போன தூரம்

இந்தப் பூச்சிக்குப் பெயர் வைத்தவர் அஷில் கெனே, பிரான்சு நாட்டு வழக்கறிஞர். வழக்குகளுக்கு நடுவே அந்துப்பூச்சிகளைப் பற்றி எழுதிக் குவித்தவர். 1854இல் வந்த தன் நூலில் லூசினோடிஸ் என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களுக்கான பொதுப் பெயரை, உருவாக்கி, இந்தியாவிலிருந்து போன மாதிரியை வைத்து ஆர்போனாலிஸ் என்ற இனத்தை விவரித்தார். அதே நூலில், அதே பேரினத்தில், தென் அமெரிக்காவின் இன்னொரு சிறு பூச்சியையும் சேர்த்து அதற்கு எலிகன்டாலிஸ் என்று பெயர் வைத்தார். இரண்டும் வெள்ளைச் சிறகு, இரண்டிலும் பழுப்புத் திட்டு, புழு இரண்டும் கத்தரிக் குடும்பத்துக் காயைக் குடைபவை. மேசைமேல் குத்திவைத்த இரண்டு உலர்ந்த பூச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அதற்கு நாற்பது ஆண்டுக்குப் பிறகு நம் பக்கத்தில் ஒருவர் வருகிறார். ஜார்ஜ் ஹாம்ப்சன். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட வந்த ஆங்கிலேயர், பூச்சி பிடிப்பதில் மனம் போய், கடைசியில் லண்டன் அருங்காட்சியகத்தில் போய் உட்கார்ந்து பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளை நான்கு பெரிய தொகுதிகளாக எழுதினார். 1892இல் தொடங்கி 1896இல் முடிந்த வேலை. நீலகிரி மழையில் விளக்கடியில் வந்து விழுந்த பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு தோட்டக்காரர் உலகத்துப் பூச்சிகளை எல்லாம் வரிசைப்படுத்தத் துணிந்தார் என்பது எனக்கு இன்னும் வியப்புதான். இந்த மாதிரிப் பட்டியல்களில் இருந்துதான் பின்னால் வந்த பாடநூல்கள் ‘பரவல்’ என்ற வரியை எடுத்துக்கொண்டன. ஆப்பிரிக்காவில் கத்தரிக் காயைக் குடைகிற வெள்ளைப் பூச்சி பிடிபடும்போதெல்லாம் கைவசம் இருந்த பெயர் அதன்மேல் ஒட்டப்பட்டது. ஒட்டியவரைக் குறை சொல்ல முடியாது. கைவசம் இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

அமெரிக்கப் பக்கம் இது முதலில் உடைந்தது. 1948இல் ஹான் கேப்ஸ் என்பவர் அமெரிக்கக் கண்டத்து லூசினோடிஸ் பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, இவை எதுவுமே லூசினோடிஸ் இல்லை என்றார். நியோலூசினோடிஸ் முதலான புதிய பேரினங்களை உண்டாக்கி அவற்றில் போட்டார். கெனே ஒரே குடும்பமாகச் சேர்த்துவைத்த இரண்டு பூச்சிகள் 94 ஆண்டுக்குப் பிறகு பாகம் பிரிந்தன. அந்த எலிகன்டாலிஸ் இன்றைக்குத் தென் அமெரிக்கத் தக்காளித் தோட்டங்களில் படுத்துகிற பாடு தனிக்கதை. ஆக 1948க்குப் பிறகு லூசினோடிஸ் என்பது பழைய உலகத்துப் பேரினம் என்றாயிற்று. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் மட்டும் யாரும் கோடு போடவில்லை. அங்கே ஆர்போனாலிஸ் என்ற ஒரே பெயர் இந்தியப் பெருங்கடலைத் தாண்டிப் படுத்துக் கிடந்தது.

### வயிற்றின் நுனி

அக்காவின் படம் வந்து ஒரு மாதம் இருக்கும். அப்பாவின் வயலுக்குப் பொறி வாங்குவதற்காக எதையோ தேடிக்கொண்டிருந்தபோது 2015இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. ரிச்சர்ட் மல்லி, மத்தியாஸ் நுஸ் முதலானவர்கள் எழுதியது. சுருக்கத்தில் நடுவில் ஒரு வாக்கியம்: ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்துப் பார்த்த மாதிரிகளில் ஒன்றுகூட ஆர்போனாலிஸ் இல்லை. நான் அதை மூன்று முறை படித்தேன். நான் தேர்வில் எழுதிய வரி, அக்காவுக்கு அனுப்பிய பதில், பாடநூல்களின் பரவல் பட்டியல், எல்லாவற்றின் அடியிலும் இருந்த ஒரு கல்லை யாரோ மெதுவாக உருவிவிட்டதுபோல் இருந்தது. அன்று பொறி வாங்கவில்லை. இரவு முழுக்க அந்தக் கட்டுரையைத்தான் படித்தேன்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால்தான் அந்த வாக்கியத்தின் கனம் புரியும். சிறகைப் பார்த்து இனம் பிரிக்க முடியாத அந்துப்பூச்சிகள் ஏராளம். சிறகின் புள்ளிகள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளிடமே கொஞ்சம் மாறும். வேறு வேறு இனங்களிடம் ஒன்றுபோலவும் இருக்கும். அதனால் பூச்சியியலாளர்கள் வயிற்றின் நுனியைத் தனியாக எடுப்பார்கள். காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் போட்டால் சதையெல்லாம் கரைந்து கடினமான கூடு மட்டும் மிஞ்சும். அதில் இனப்பெருக்க உறுப்பின் கொக்கிகள், மடல்கள், முட்கள் தெரியும். சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவு விஷயம்தான். ஆனால் ஓர் இனம் இன்னோர் இனத்தோடு சேராமல் பிரிந்து வாழ்வதன் தடயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆப்பிரிக்கப் பூச்சிகளின் வயிற்று நுனி ஆசியப் பூச்சியுடையதுபோல் இல்லை. அவை தமக்குள்ளும் ஒன்றுபோல் இல்லை. டி.என்.ஏ வரிசையை எடுத்துப் பார்த்தபோது அதுவும் அதையே சொன்னது.

சகாராவுக்குத் தெற்கே எட்டு இனங்கள் என்று முடிவாயிற்று. அதில் ஏழு அதுவரை பெயரே இல்லாதவை. ஆப்பிரிகென்சிஸ், எத்தியோப்பிகா, கென்யென்சிஸ், மலாவியென்சிஸ், உகாண்டென்சிஸ், ரிமாவலிஸ். அப்புறம் ‘போலி ஆர்போனாலிஸ்’ என்று பொருள்படும் சூடோர்போனாலிஸ். ஏழு இனங்கள் இத்தனை காலம் ஒரே பெயருக்குப் பின்னால் நின்றிருக்கின்றன. எட்டாவது லைசாலிஸ். அது 1859இலேயே பெயர் வாங்கிய பூச்சி, ஆனால் செலியோடிஸ் என்ற வேறொரு பேரினத்தில் இருந்தது. சிறகைப் பார்த்துத் தனியாக வைத்த அந்தப் பேரினமே தேவையில்லை என்று கண்டு, அதை லூசினோடிஸுக்குள் கரைத்துவிட்டார்கள். அதனால் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற கார்டாலிஸும் நம் காய்ப்புழுவுக்கு நெருங்கிய உறவாகிவிட்டது. 1843இல் பெயர் வைத்த பூச்சி அது. மாவோரிகள் போரோபோரோ என்று அழைக்கிற காட்டுச் சுண்டைபோன்ற செடியின் பழத்தைக் குடையும். வெளியே ஒன்றுபோல் தெரிந்தவை வேறாயின. வேறாகத் தெரிந்தவை ஒன்றாயின.  2019இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் இவற்றையும் கேப்ஸ் பிரித்துவைத்த அமெரிக்கப் பேரினங்களையும் சேர்த்து லினியோடினி என்ற ஒரு தொகுதியாக வைத்திருக்கிறார்கள். பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகள் தனித்தனி வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் தெரு ஒன்று.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வைத்தது எது என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சரக்குக் கப்பலும் விமானமும். ஐரோப்பாவில் குடியேறிய ஆசியர்களும் ஆப்பிரிக்கர்களும் தங்கள் ஊர்க் காயைத் தேடுகிறார்கள். காய் போகிறது, காய்க்குள் புழுவும் போகிறது. பிரிட்டனின் விமான நிலையங்களில் பெட்டியைத் திறந்து சோதிப்பவர்கள் கையில் கிடைப்பதெல்லாம் இளஞ்சிவப்புப் புழுதான், அக்காவின் பலகையில் இருந்த மாதிரி. புழுவுக்குச் சிறகு இல்லை, வயிற்று நுனியில் கொக்கி இல்லை. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஆர்போனாலிஸ் என்று எழுதிவைப்பதைத் தவிர வழி இல்லாமல் இருந்தது. டி.என்.ஏ வந்த பிறகுதான் புழுவையும் அருங்காட்சியகத்துப் பூச்சியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடிந்தது. இந்தச் சோதனை சும்மா ஒரு சடங்கு இல்லை. 2014 மே மாதம் முதல் இந்தியாவிலிருந்து மாம்பழத்தோடு சேர்த்துக் கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது நினைவிருக்கும். பூச்சி இருந்த பெட்டிகள்தான் காரணம். எந்தப் பூச்சி, எங்கிருந்து வந்தது என்பது ஒரு விவசாயியின் பெட்டி திரும்பி வருமா வராதா என்ற கேள்வி.

### பெயர் மாறினால் என்ன மாறும்

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிப்பா, பேரு எதுவா இருந்தா என்ன, காய் சொத்தைதானே?” என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அவர் வயலில் மாட்டியிருக்கிற பொறியை வைத்தே சொன்னேன். அந்தச் சின்ன ரப்பர் குப்பியில் இருப்பது பெண் பூச்சியின் வாசனை. ஆர்போனாலிஸ் பெண் பூச்சி விடுகிற வேதிப்பொருளை 1980களில் சீனாவில் கண்டுபிடித்தார்கள். அதைச் செய்து குப்பியில் ஊற்றித்தான் நம் வயலில் மாட்டுகிறோம். ஆண் பூச்சி அந்த வாசனைக்கு ஏமாந்து வருகிறது. வாசனை என்பது இனத்துக்கு இனம் மாறக்கூடிய மொழி. இந்த ஊர்ப் பெண்ணின் குரலை அந்த ஊர் ஆணுக்குக் கேட்க வைத்தால் அது திரும்பிப் பார்க்கும் என்று என்ன உறுதி? ஓர் ஊரில் வேலை செய்த பொறியை இன்னோர் ஊருக்கு அனுப்புவதற்கு முன் அங்கே இருப்பது யார் என்று தெரிய வேண்டாமா? ஒட்டுண்ணிக் குளவியும் அப்படித்தான். நம் வயல்களில் டிரத்தாலா என்ற மெலிந்த குளவி இந்தப் புழுவைத் தேடிக் கண்டுபிடித்து அதற்குள் முட்டை வைக்கும். மருந்து கொஞ்சம் நின்றால் போதும், குளவி வந்துவிடும். ஒரு பூச்சி ஓர் ஊருக்கு வந்தேறி என்றால், அதன் சொந்த ஊரில் போய் அதன் எதிரியைத் தேடி எடுத்து வருவது வழக்கமான முறை. ஆப்பிரிக்கப் புழு இந்தியாவிலிருந்து போனது என்று நம்பிக்கொண்டிருந்தால் எதிரியை இந்தியாவில்தான் தேடுவார்கள். அது அந்த மண்ணின் பூச்சி என்றால், எதிரியும் அங்கேயே பக்கத்துக் காட்டுச் சுண்டைச் செடியில் பறந்துகொண்டிருக்கலாம்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அப்போ அதுங்க அங்கயே பொறந்ததுங்க. நாமதான் நம்மளதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தோமா?” என்றார். நான் இரவெல்லாம் படித்துப் புரிந்துகொண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டார்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். நம் நாட்டில் இந்தப் புழுவைப் பற்றி மிகப் பெரிய பேச்சு நடந்தது. இந்தப் புழுவைக் கொல்லும் மரபணுவைப் புகுத்திய பி.டி. கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் அந்த ஆராய்ச்சியில் ஒரு பங்காளி. பக்கத்தில் பங்களாதேஷ் 2014இல் பயிரிடத் தொடங்கியது. வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் நாள்கணக்கில் பேசினார்கள். நானும் பேசினேன், விடுதி அறையில் நள்ளிரவு வரை. அந்தப் பேச்சில் மரபணு இருந்தது, விதை உரிமை இருந்தது, உடல்நலம் இருந்தது. புழு மட்டும் வெறும் ‘புழு’வாகவே இருந்தது. அது யார், அதன் சொந்தங்கள் யார், எந்தக் காட்டுச் செடியிலிருந்து நம் தோட்டத்துக்கு வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எதிரியின் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் இத்தனை ஆண்டு சண்டை போட்டிருக்கிறோம். அப்பாவின் வயல் ஓரத்திலேயே கண்டங்கத்தரி படர்ந்து கிடக்கிறது, வேலியில் தூதுவளை ஏறியிருக்கிறது. கத்தரியின் சொந்தங்கள் அவை. அவற்றின் காயை நான் ஒருநாளும் பிளந்து பார்த்ததில்லை. இந்தத் தை மாதம் ஊருக்குப் போனபோதுதான் முதல் முறையாக ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வேலி ஓரம் உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு எழுதவேண்டியது பாக்கி இருந்தது. ஒரு நாள் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு, அது நம் ஊர்ப் புழு இல்லை, அந்த ஊர்க்காரர்தான் என்றேன். உகாண்டாவில் இருப்பவற்றில் எது என்று புழுவின் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, பூச்சியாக வளர்த்தால் யாரிடமாவது காட்டலாம் என்றும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “குருத்து கிள்ளிக் கிள்ளி எத்தனை புழுவைக் கொளுத்தியிருப்போம், ஒண்ணையாவது வளத்துப் பாக்கலாம்” என்றாள்.

அடுத்த வாரம் வாங்கிய என்டுலாவில் சொத்தைக் காயாகப் பார்த்து இரண்டை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அடியில் காய்ந்த இலை பரப்பி, வாயில் துணி கட்டி வைத்தாள். தினமும் படம் வந்தது. ஐந்தாம் நாள் ஒரு புழு காயைத் துளைத்து வெளியே வந்து இலைக்கடியில் போனது. மறுநாள் அங்கே பழுப்பு நிறத்தில், படகை மூடிவைத்த மாதிரி ஒரு பட்டுக் கூடு. அதற்கு ஒன்பதாம் நாள் காலை, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளைப் பூச்சி, வயிற்றைத் தூக்கி வளைத்துக்கொண்டு. எனக்கு அது அப்பாவின் வயலில் பார்த்த பூச்சியேதான், ஒரு புள்ளிகூட வித்தியாசம் தெரியவில்லை.

“பாட்டில் மேல சீட்டு ஒட்டணும்னியே, என்ன பேர் எழுதட்டும்?” என்று அக்கா கேட்டாள். பெயர் இடத்தை விட்டுவிடு என்றேன். கம்பாலா, என்டுலா காய், தேதி, வளர்த்தவர் பெயர், இவ்வளவு எழுது.

எழுதிப் படம் அனுப்பினாள். அவளுடைய அதே சாய்ந்த கையெழுத்து. தமிழில் எழுதியிருந்தாள்.